உறவு: பிரதர்

தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத பெண்களைப் பார்த்து "வாங்க பிரதர்" என்று வரவேற்று, ஒரு தடவைகூடச் செருப்படி வாங்காமல் காலம் தள்ளுகிற ஒரே ஆண்மகன் குற்றாலத்தில் இருக்கிறார். வேறு எங்காவது இப்படி ஒருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அவருக்கு எல்லாரும் பிரதர். அருவிக்குப் போகிற வழியில் நெல்லிக்காய் விற்கிற அம்மாள் பிரதர். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் பிரதர். மொட்டை மாடியில் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற குரங்குகூட, பல்லைக் காட்டாத வரைக்கும் பிரதர்தான். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே பிரதர் அண்ணாச்சி. அண்ணாச்சி என்றாலே அந்தப் பக்கத்தில் அண்ணன். அதற்கு முன்னால் ஒரு பிரதர் வேறு. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று பேச்சு.

தென்காசி தனி மாவட்டம் ஆன புதிதில் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். நான்கு வருடம் விழுந்து விழுந்து படித்து வாங்கிய வேலை. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து அத்தனை தூரம் என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. அவரே கூட வந்திருப்பார். ஆனால் கண்ணில் புரை எடுத்திருந்ததால் ஒரு மாதம் பஸ் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பஸ் ஏறாதே என்பது அவருக்கு மூச்சு விடாதே என்பது மாதிரி.

"ஒரு மாசம் டைம்," என்றார், கட்டுப் போட்ட கண்ணோடு. "கண்ணு சரியானதும் வந்து பாப்பேன். பொண்ணு தங்க லாயக்கான இடமா இருந்தா இரு. இல்லைன்னா வேலையாவது ஒண்ணாவது, பெட்டியைத் தூக்கிட்டு என்கூடயே பஸ் ஏறு."

அப்பா சொன்னால் சொன்னதுதான். டிக்கெட் எடுக்காத தன் சொந்த மச்சானை விசில் அடித்து வயல் நடுவில் இறக்கிவிட்டவர் அவர். லேடீஸ் சீட்டில் எந்த ஆம்பளையாவது உட்கார்ந்தால் அவன் தாசில்தாராக இருந்தாலும் எழுப்பிவிடுவார்.

வந்து இறங்கிய அன்று தென்காசியில் விசாரித்த பெண்கள் விடுதிகளில் எல்லாம் இடம் இல்லை. சரி, ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். சீசனும் முடிந்துவிட்டது, லாட்ஜ்கள் காலியாகக் கிடக்கும், கொஞ்ச நாளைக்கு ஒரு ரூம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டோ பிடித்தேன். முதல் லாட்ஜ்.

"கூட ஆரு வந்திருக்கா?"

"யாரும் வரலை. நான் மட்டும்தான்."

"ஆம்பளை ஆரும் இல்லியா?"

"இல்லை."

"அப்ப ரூமும் இல்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் இருபது சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது லாட்ஜிலும் இதே கதை. மூன்றாவது லாட்ஜ்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான்காவது லாட்ஜிலிருந்து நான் வெளியே வந்தபோது ஆட்டோக்காரருக்கே பொறுக்கவில்லை.

"யக்கா, பேசாம பிரதர் அண்ணாச்சிட்ட போயிருவமா? ஆளு கொஞ்சம் கிறுக்கு. ஆனா நல்ல கிறுக்கு பாத்துக்கிடுங்க."

ஐந்தருவி போகிற ரோட்டில் இரண்டு மாடி, பச்சைச் சாயம். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒல்லியாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே இடுப்பில் ஒரு வெள்ளை ஏப்ரன். ஏப்ரனில் நீல நூலால் முக்கோணம், முக்கோணத்துக்கு நடுவே ஒரு கண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க பிரதர்."

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஒங்களத்தாம் பிரதர். எங்கன இருந்து வாறிய?"

இனி நடக்கத் தெம்பு இல்லாததால் சண்டை போடாமல் ஊரைச் சொன்னேன். நோட்டைத் திருப்பி எழுதத் தொடங்கினார். பெயர், வயது, ஊர், வந்த காரியம். 'உடன் வந்திருப்பவர்' என்ற கட்டத்தில் 'அண்ணாச்சி' என்று எழுதினார். 'உறவு' என்ற கட்டத்தில் 'பிரதர்' என்று எழுதினார்.

"நீங்க என்கூட வரலையே சார்?"

"இப்ப வந்துட்டேம்லா."

சாவி உடனே கிடைக்கவில்லை. முதலில் சங்கத்தில் சேர வேண்டும். வலது கையை அந்த நோட்டின் மேல் வைத்து மூன்று சத்தியம் செய்ய வேண்டும். ஒன்று, இன்னொரு பிரதரிடம் பொய் சொல்லக் கூடாது. இரண்டு, வெந்நீர் சுவிட்சை அணைக்காமல் வெளியே போகக் கூடாது. மூன்று, ஒரு பிரதர் அழுதுகொண்டு வந்தால் காப்பி கொடுத்து முடிக்கிற வரைக்கும் காரணம் கேட்கக் கூடாது. நான் மூன்றாவது சத்தியத்தைச் சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

சங்கத்தின் வரலாற்றை மறுநாள் காலையில் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார ஆச்சி அருவியில் குளிப்பதற்காக வந்து ஏழாம் நம்பர் ரூமில் ஒரு மாதம் தங்கியிருந்தாராம். போகும்போது இந்த ஏப்ரனையும் ஒரு நீல அட்டைப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி பத்தாம் வகுப்பை மூன்று முறை வலம் வந்தவர். புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'லாட்ஜ்' என்று போட்டிருக்கிறது! லாட்ஜ் மாஸ்டர், லாட்ஜ் கதவு, லாட்ஜ் விதிகள், கதவை மூன்று முறை தட்டு, ஏப்ரன் கட்டிக்கொள். கடல் கடந்து வந்த லாட்ஜ் சட்டப் புத்தகம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"அதுல என்ன போட்டுருக்கான்னா பிரதர், லாட்ஜ்ல ஆம்பளையும் பொம்பளையும் சரிசமம்ங்கான். உள்ள வந்துட்டா எல்லாரும் பிரதர். பொம்பளையும் பிரதர்தான். சிஸ்டர்னே கெடையாது. நாம என்னடான்னா, தனியா ஒரு பொம்பளை வந்தா கதவ அடைக்கோம். வெள்ளக்காரன் லாட்ஜ் லாட்ஜா, நம்ம லாட்ஜ் லாட்ஜா?"

"அந்த முக்கோணத்துக்குள்ள ஏன் அண்ணாச்சி ஒரு கண்ணு?"

"திருஷ்டிக்கு. நம்ம வாசல்ல பூசணிக்கா தொங்குதுல்லா, அதே மாதிரி. அவங்க ஊர்லயும் கண்ணு போடுதவன் இருப்பாம்லா?"

மாடி முழுவதும் பெண் பிரதர்களுக்கு. அங்கே நான் நான்காம் நம்பர் ரூம். பக்கத்தில் கடையநல்லூரில் நர்சாக வேலை பார்க்கும் பல்கீஸ். அதற்கு அடுத்த ரூமில், சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆய்க்குடியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் வீடு வீடாக விற்கிற சரசக்கா. மாடிப் படியில் ஒரு இரும்புக் கதவு. ரகசிய வார்த்தை சொன்னால்தான் அண்ணாச்சி திறப்பார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்த மாத வார்த்தை 'சாரல்'.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. தலையில் மூட்டையோடு சரசக்கா வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"ஏ அண்ணாச்சி, வார்த்த மறந்துபோச்சு! சீலையெல்லாம் நனையப் போகுது, தொறங்க!"

"வார்த்தையச் சொல்லுங்க பிரதர்."

"ஐயோ, வானத்துல இருந்து விழுதுல்லா, அது!"

"அதுன்னா எது?"

"மழ!"

"மழ இல்ல பிரதர். மழைக்குத் தம்பி. செத்த ரோசிச்சுச் சொல்லுங்க. 'சா'வுல ஆரம்பிக்கும்."

"சாம்பாரா?"

"நம்ம குற்றாலத்துல பேர் போனது பிரதர். மேல பட்டா சிலுசிலுன்னு இருக்கும்."

"நீரு செத்தீருவே இன்னைக்கு!" என்று சரசக்கா மூட்டையோடு கதவை ஒரு இடி இடித்தார். 'செ' வந்துவிட்டது, 'சா' பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லி அண்ணாச்சி திறந்துவிட்டார்.

ஆண்களுக்குக் கீழே ரூம் உண்டு; ஆனால் நேர்முகத் தேர்வு கடுமை. ஒருமுறை வேனில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். கொஞ்சம் 'தெம்பாக' வந்திருந்தார்கள். அண்ணாச்சி ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "இந்தச் சங்கத்துல சேர ஒங்க மனசத் தூண்டுனது எது?"

"குளிக்கணும் அண்ணாச்சி."

"குளிச்சு?"

"குளிச்சுட்டு... சாப்பிடணும்."

"ஒலகத்துல ஆம்பளையும் பொம்பளையும் சரிசமம்னு ஒத்துக்கிடுதியளா?"

நான்கு பேரில் ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்," என்றார். அவர் ஒருவருக்கு மட்டும் ரூம் கிடைத்தது. மற்ற மூன்று பேரும் வேனிலேயே படுத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்த நீலப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அது ரூம் வாடகைக்கு விடுகிற லாட்ஜே இல்லை. மேல்நாட்டில் சகோதரர் சங்கங்கள் என்று உண்டாம். ரகசியச் சடங்கு, சத்தியம் எல்லாம் வைத்திருப்பார்கள். அவர்கள் கூடுகிற சபைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். அந்தக் காலத்தில் அதில் ஆண்கள் மட்டும்தான். ஒரு லாட்ஜில் துணிந்து ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற லாட்ஜ்காரர்கள் எல்லாம் கூடி அவர்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள். போனால் போங்கடா என்று அவர்கள் ஆணும் பெண்ணும் சமமாக இருக்கிற ஒரு தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள்; அதில் பெண்ணையும் சகோதரர் என்றே கூப்பிட்டார்கள். புத்தகம் அந்தச் சங்கத்தினுடையது.

இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மனிதர் உடைந்துபோவாரே என்று புத்தகத்தைப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதல் சத்தியத்தை மீறிவிட்டோமோ என்று உறுத்தத்தான் செய்தது.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. லாட்ஜில் தங்கியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்ல முடியுமா? லாட்ஜ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் ஊரில் மூக்கைச் சுளிப்பார்கள். அதனால் அப்பாவிடம், "சகோதரர் சங்கத்து இல்லம்பா," என்று சொல்லிவைத்திருந்தேன். மாதம் முடிகிற சமயத்தில் அப்பா போனில் துருவ ஆரம்பித்தார்.

"கன்னியாஸ்திரி மடமா? நல்லதாப் போச்சு. சிஸ்டருங்க எத்தனை பேரு?"

"சிஸ்டர் யாரும் இல்லைப்பா. எல்லாரும் பிரதர்தான்."

அப்பா உடனே, "சனிக்கிழமை காலையில வர்றேன்," என்றார்.

வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை. நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவதற்குள் அவரே விசாரித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். போர்டில் 'லாட்ஜ்' என்ற எழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து அண்ணாச்சி எழுந்தார். "வாங்க பிரதர்!" பிறகு மாடியைப் பார்த்து, "பிரதர்! அப்பா வந்திருக்காவ!"

"யாருய்யா பிரதர்?" என்றார் அப்பா. "அது என் பொண்ணு!"

"ஆமா பிரதர், அவுகளத்தாம் சொல்லுதேன்."

நான் இறங்கி வந்தபோது அப்பா மஞ்சள் பையைக் கீழேகூட வைத்திருக்கவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகப் பேசினார். "லாட்ஜ்ல இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீ. போ. பெட்டியை எடுத்துட்டு வா. ஒரு மணிக்கு மதுரை பஸ் இருக்கு."

மேலே போனேன். நான்கு வருடப் படிப்பு, மேஜையில் என் பெயர் எழுதி வைத்த பலகை, முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய குடை எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு துணியை மடித்தேன். பல்கீஸ் வந்து வாசலில் நின்றாள். காரணம் கேட்கவில்லை. காப்பி டம்ளரை நீட்டினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பெட்டியோடு படியில் பாதி இறங்கியிருப்பேன். கீழே அண்ணாச்சியின் குரல் கேட்டது. அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை.

"கூட்டிட்டுப் போங்க பிரதர். ஒங்க புள்ள, ஒங்க இஷ்டம். நாம் ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். மொதல்ல இந்தூர்லயே கடும் கண்டிசன் நாந்தான். 'தனியாக வரும் பெண்களுக்கு அறை இல்லை'ன்னு பெரிய எழுத்துல நானே எழுதி இங்கன மாட்டியிருந்தேன். ஒருநா பொழுது சாயுத நேரம், ஒரு புள்ள நனைஞ்சுக்கிட்டு வந்துச்சு. கையில சர்டிபிகேட்டு பைலு. போர்டக் காட்டி வெளிய போன்னுட்டேன். மறுநா காலம்பற ஒரு சோலியாத் தென்காசி போறேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல அந்தப் புள்ள அப்படியே உக்காந்திருக்கு. மடியில பைய வச்சுக்கிட்டு, முதுகு சாயாம. ராத்திரி பூரா அப்படியே இருந்திருக்கு."

அப்பா மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னை அவளுக்கு அடையாளம் தெரியல. 'அண்ணாச்சி, ராயகிரிக்குப் போற பஸ் எங்கன நிக்கும்'னு கேட்டா. அண்ணாச்சின்னா, பிரதர்! வெரட்டி விட்டவனப் பாத்து அண்ணாச்சின்னு கூப்பிடுதா. ஊரே என்னைய அப்படித்தான் கூப்பிடுது. அன்னைக்குத்தான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு ஒறச்சுது. வந்து போர்டக் கழத்தி அடுப்புல வச்சுட்டேன்."

"அப்போ அந்தப் புத்தகம், சங்கம்லாம்?" இது நான். படியில் நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"அது பெறவு வந்தது. அது வேற லாட்ஜுன்னு எனக்கும் தெரியும் பிரதர். மொத வருசமே ஒரு வாத்தியாரு வாசிச்சுச் சொல்லிட்டாரு. அதுலயும் ஒரு பொம்பளையச் சேத்ததுக்குத் தள்ளிவச்சாம்லா! இங்கனயும் மத்த லாட்ஜ்காரன் என்னையத் தள்ளித்தான் வச்சிருக்கான். நம்ம கதையாட்டுல்லா இருக்குன்னு விடாமப் புடிச்சுக்கிட்டேன். பொம்பளைக்கு ரூம் குடுக்கேன்னா ஊரு வேற மாதிரி பேசும். ஏப்ரனு, சத்தியம், ரகசிய வார்த்தைன்னா, கிறுக்குப் பயன்னு விட்டுரும். கிறுக்கன்னு பேரு வாங்கிட்டா சோலி லேசு."

இந்தச் சமயத்தில் வாசலில் பைக் நின்றது. ஒரு ஏட்டையா உள்ளே வந்தார். கையில் ஒரு மனு.

"என்னவே அண்ணாச்சி, பொம்பளையளத் தனியாத் தங்க வச்சிருக்கீராம். மத்த லாட்ஜ்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க. நோட்ட எடும்."

நோட்டைப் பார்த்தார். பல்கீஸ், உறவு பிரதர். சரசு, உறவு பிரதர். நான், உறவு பிரதர். ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "வெளையாடுதீரா? கூட வந்த ஆம்பளை ஆருன்னு கேட்டா, எல்லாத்துக்கும் ஒம்ம பேரையே போட்டு வச்சிருக்கீரு! நான் மாடில போயிப் பாக்கணும்."

அண்ணாச்சி படிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டார். ஏப்ரன் நாடாவை இறுக்கிக்கொண்டார், நகரவில்லை. "வார்த்தை சொல்லணும் பிரதர்."

"என்ன வார்த்த?"

"ஏட்டையா, ஒரு நிமிஷம்." அப்பா எழுந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோல் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டார். "அது லேடீஸ் சைடு. அங்க ஆம்பளைங்க ஏறக் கூடாது. பாக்கணும்னா பொம்பளைப் போலீசைக் கூட்டிட்டு வாங்க, தாராளமாப் பாருங்க."

"நீங்க ஆரு?"

"நாலாம் நம்பர் ரூம் பொண்ணோட அப்பன். கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்குது. நான்தான் நேர்ல வந்து இடத்தைப் பாத்து இங்க விட்டிருக்கேன். இனியும் இங்கதான் இருக்கும். எங்க எழுதணுமோ எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன்."

என் கையில் பெட்டி இருந்தது. மெதுவாக ஒரு படி மேலே ஏறினேன். பிறகு இன்னொரு படி.

ஏட்டையாவும் பெண்பிள்ளை பெற்றவர் போலிருக்கிறது, குரல் இறங்கிவிட்டது. மனுவின் பின்பக்கத்தில் அப்பா சொன்னதை எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவைத் தூக்கி அண்ணாச்சியைக் காட்டி, "இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அப்பா அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார், முக்கோணத்துக்குள் இருக்கிற கண்ணைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பிரதர்."

அன்று ஒரு மணி மதுரை பஸ்ஸில் அப்பா தனியாகத்தான் போனார். நான் அந்த ரூமில் மூன்று வருடம் இருந்தேன். இப்போது கல்யாணமாகி, மாற்றலாகி, வேறு ஊரில் இருக்கிறேன். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அப்பா முதல் போனை அண்ணாச்சிக்குத்தான் போடுகிறார், எனக்கு அதற்கப்புறம்தான். பெற்ற மகளுக்கு இரண்டாவது இடமா என்று நான் சண்டை பிடிப்பேன். "பிரதர் உன்னை விசாரிச்சாரு," என்று பேச்சை மாற்றிவிடுவார் அப்பா. விசாரிக்காத ஒரு சனிக்கிழமை வந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போதைக்கு எனக்கு இருக்கிற ஒரே வேண்டுதல்.